பட்டியலாரும் நானூற்றுப் பதினேழாம் வரியும்

"என் லிஸ்ட்டுக்கும் உங்க ஃபைலுக்கும் நடுவுல ஒரு வரி, ஒரே ஒரு வரி வித்தியாசம் காட்டுங்க பார்ப்போம்! அப்படி ஒண்ணு இருந்துச்சுன்னா, அன்னிக்குப் பூரா நான் வாசல்ல நின்னு, போறவங்க வர்றவங்க எல்லாருக்கும் கதவு திறந்து விடறேன்!"

அலுவலகத்தின் ஆண்டுக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு பட்டியலார் இப்படி முழங்கியபோது, இருந்த நாற்பத்திரண்டு பேரில் நாற்பது பேர் கைதட்டினார்கள். தட்டாத இருவரில் ஒருவர் வாசல் காவலாளி. தம் வேலைக்கு உலை வைக்கிறார்களோ என்ற கவலையில் இருந்தார். இன்னொருவர் பட்டியலாரின் தங்கை கணவர், அதே அலுவலகத்தில் புரோகிராமர். முந்தின நாள்தான் ராஜினாமா கடிதம் கொடுத்திருந்தார். ஒரே மாதத்தில் விடுதலை என்ற மிதப்பில் எதையும் காதில் வாங்கவில்லை. வாங்கியிருக்க வேண்டும்.

பெரிய மனிதர்களின் வாழ்க்கையைப் பிறப்பிலிருந்து தொடங்குவதுதான் முறை. பட்டியலாரின் பிறப்புச் சான்றிதழில் ஒரு தேதி இருந்தது. பள்ளிச் சான்றிதழில் இன்னொரு தேதி இருந்தது. எது சரி என்று பத்து வயதில் அம்மாவிடம் கேட்டார். "ரெண்டுக்கும் நடுவுல ஏதோ ஒரு நாள்டா, போய்ப் படி" என்றார் அம்மா. அன்று பிடித்த காய்ச்சல் அவருக்கு இறங்கவே இல்லை. ஒரே விஷயத்தைப் பற்றி இரண்டு காகிதங்கள் இரண்டு விதமாகப் பேசினால் அவருக்குக் கை நடுங்கும். இப்படிப்பட்டவருக்கென்றே ஒரு வேலை உலகத்தில் காத்திருந்தது.

ஆஸ்பத்திரிகளில் உள்ளே நுழைந்ததும் ஒரு டோக்கன் கொடுத்து உட்காரச் சொல்வார்கள் அல்லவா, பிறகு சுவரில் இருக்கும் திரையில் நம் எண் வரும் அல்லவா, அந்த டோக்கனையும் திரையையும் ஆட்டிவைக்கும் மென்பொருளைச் செய்கிற அலுவலகம் அது. புரோகிராமர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தங்கள் ஃபைலில் நிரலை எழுதிக்கொண்டே போகும்போது ஓர் இடம் இடித்தால், "இதைப் பிறகு பார்க்க" என்று அங்கேயே ஒரு வரி குறிப்பு எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அந்தப் 'பிறகு' பெரும்பாலும் வருவதில்லை. ஆகவே மேனேஜர் ஒரு சட்டம் போட்டார்: ஃபைலில் இருக்கும் ஒவ்வொரு குறிப்புக்கும் ஓர் எண் கொடுத்து, பாக்கி வேலைகள் என்ற பட்டியலில் ஏற்ற வேண்டும். ஃபைலில் உள்ளது பட்டியலில் இருக்க வேண்டும், பட்டியலில் உள்ளது ஃபைலில் இருக்க வேண்டும். இதைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பதற்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. அவருக்கு வேறு பெயர் இருந்தது என்பதே இரண்டாம் வருடத்தில் எல்லோருக்கும் மறந்துபோயிற்று. பட்டியலார் என்றே அழைத்தார்கள். சம்பளச் சீட்டிலும் ஒருமுறை அப்படியே அச்சாகி வந்தது. இரண்டு பெயரும் ஒத்துப்போகவில்லையே என்று அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை.

முதலில் கண்ணால்தான் சரிபார்த்தார். பிறகு ஒரு புரோகிராமரைப் பிடித்து, அந்த வேலையைத் தானாகச் செய்யும் ஒரு நிரலை எழுதி வாங்கினார். இந்த வீட்டுச் செய்தியை அந்த வீட்டுக்கும் அந்த வீட்டுச் செய்தியை இந்த வீட்டுக்கும் ஓயாமல் சுமந்ததால் அதற்குச் 'சம்பந்தி' என்று பெயர் விழுந்தது. ஃபைலில் புதுக் குறிப்பு வந்தால் சம்பந்தி பட்டியலில் எழுதும். பட்டியலில் வந்தால் ஃபைலில் எழுதும். ஏதாவது ஓர் இடத்தில் ஒரு வரியைக் காணவில்லையென்றால், ஐயோ தொலைந்துவிட்டதே என்று பதறி, மற்ற இடத்தைப் பார்த்து மறுபடி எழுதி வைத்துவிடும். முதலில் மணிக்கு ஒருமுறை ஓடியது. பட்டியலார் அதை நிமிடத்துக்கு ஒருமுறை ஆக்கினார். பெருமை தாங்காமல் நொடிக்கு ஒருமுறை ஆக்கினார். எழுதிக் கொடுத்த புரோகிராமரின் நேர்த்தியில் மயங்கி, தம் தங்கையையே அவருக்குக் கட்டிக் கொடுத்தார். கூட்டத்தில் கைதட்டாத மாப்பிள்ளை அவர்தான்.

சம்பந்தியிடம் ஒரே ஒரு குறை. தொலைந்த வரிக்கும் முடிந்த வரிக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. வேலையை முடித்துவிட்டு ஒருவர் ஃபைலில் குறிப்பை அழித்தால், பட்டியலில் இருக்கிறதே என்று சம்பந்தி அதைத் திரும்ப எழுதும். பட்டியலில் அழித்தால் ஃபைலைப் பார்த்து எழுதும். ஆக, ஒரு வரி உண்மையில் சாக வேண்டுமானால் இரண்டு இடத்திலும் ஒரே நொடியில் சாக வேண்டும். வேறு எங்கும் இதைக் குறை என்பார்கள். பட்டியலார் இதை ஒரு மரபாக்கிவிட்டார். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அவர் தம் மேசையில் பட்டியலைத் திறந்து வைத்துக்கொள்வார். எதிர் மேசையில் அந்த வாரம் வேலை முடித்த புரோகிராமர் ஃபைலைத் திறந்து வைத்துக்கொள்வார். இருவரும் கண்ணோடு கண் பார்த்து "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று ஒரே நேரத்தில் விசையைத் தட்டுவார்கள். பட்டியலை அவரைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது, ஃபைலை அதற்குரிய புரோகிராமரைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது என்பது விதி. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் வாரம் தட்டத்தான் பயிற்சி.

வீட்டிலும் அவர் சும்மா இருந்ததில்லை. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருப்பார். வீட்டில் என்னென்ன இருக்கிறதோ அத்தனையும் எண்ணிக்கையோடு அதில் இருக்கும். ஞாயிறுதோறும் அலமாரியைத் திறந்து பார்த்துத் தாளைத் திருத்துவார். ஒருநாள் சாப்பாட்டில் உப்பு இல்லை.

"உப்பு போட மறந்துட்டியா?"

"தீர்ந்துபோச்சுங்க."

"தாள்ல அரைக் கிலோ இருக்கே."

"அப்ப தாளைக் கொஞ்சம் கிள்ளிப் போட்டுக்குங்க" என்றார் மனைவி. பட்டியலார் எழுந்து போய்த் தாளைத் திருத்திவிட்டு வந்து, உப்பில்லாமலே திருப்தியாகச் சாப்பிட்டார். இப்போது இரண்டும் ஒத்துப்போயிற்று அல்லவா.

இனி மாப்பிள்ளையின் கதை. தங்கைக்கு வேலை வேறு ஊரில், ஒன்பது மணி நேர ரயில் தூரம். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தது மொத்தம் அறுபத்தெட்டு நாள். ஒருவழியாக அந்த ஊரிலேயே மாப்பிள்ளைக்கும் ஒரு வேலை கிடைத்தது. ராஜினாமா செய்தார். இருந்த வாடகை அறையைக் காலி செய்துவிட்டு, ஒரு மாதத்துக்குத்தானே என்று பட்டியலாரின் வீட்டு ஹால் சோபாவில் வந்து படுத்தார். கடைசி நாளன்று பிரிவு உபசாரம் நடந்தது. ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். கடிகாரத்தோடு ஹெச்.ஆர். அம்மாவிடம் விடுவிப்புக் கடிதம் வாங்கப் போனார்.

"உங்க பேர்ல ஒரு வேலை பாக்கி இருக்குன்னு பட்டியல் சொல்லுதே" என்றார் ஹெச்.ஆர். அம்மா. "பூஜ்ஜியம் காட்டினாத்தான் கடிதம். விதி."

பார்த்தால், வரி நானூற்றுப் பதினேழு. "பூஜ்ஜியம் எண் டோக்கனைக் கூப்பிட்டால் என்ன ஆகும்? பிறகு பார்க்க." மூன்று வருடத்துக்கு முன் மாப்பிள்ளை எழுதிய குறிப்பு. எழுதிய அன்றைக்கே அரை மணியில் அதைச் சரிசெய்தும் விட்டார். குறிப்பை அழிக்க மட்டும் மறந்துவிட்டார். அது போகட்டும் என்றால், பிற்பாடு பல் ஆஸ்பத்திரிகளுக்குத் தனி மென்பொருள் வேண்டும் என்று மேல்மாடிக் குழு கேட்டபோது, முழு ஃபைலையும் அப்படியே ஒரு நகல் எடுத்துக் கொடுத்துவிட்டார். நகலோடு நானூற்றுப் பதினேழும் மாடி ஏறிவிட்டது. இப்போது அந்த வரி மூன்று இடத்தில் உயிரோடு இருந்தது: கீழே பட்டியலில், கீழே மாப்பிள்ளையின் ஃபைலில், மேலே பல் குழுவின் ஃபைலில். மூன்று பேர், இரண்டு மாடி, ஒரே நொடி.

மனிதர்களால் ஆகிற காரியமா? ஆனாலும் முயன்றார்கள். முதல் வெள்ளி போனில் எண்ணினார்கள். "மூணு" என்ற சொல் மேல்மாடிக்குப் போய்ச் சேர ஒன்றரை நொடி ஆயிற்று. அதற்குள் கீழே அழிந்த இரண்டு வரியும் எழுந்து உட்கார்ந்துவிட்டன. இரண்டாம் வெள்ளி மாடிப்படியின் நடுவில் ஒருவரை நிறுத்திக் கையை இறக்கச் சொன்னார்கள். அவருக்குத் தும்மல் வந்துவிட்டது. மூன்றாம் வெள்ளி எல்லாம் கூடி வந்தது. ஆனால் பல் குழுக்காரர் பதற்றத்தில் நானூற்று எழுபத்தொன்றை அழித்தார். நான்காம் வெள்ளி காவலாளியின் விசிலை இரவல் வாங்கி, படிக்கட்டில் நின்று ஊதச் செய்தார்கள். விசில் கேட்டதும் தீப்பிடித்துவிட்டது என்று கட்டடமே காலியாகி வண்டி நிறுத்துமிடத்தில் போய் நின்றது, பல் குழுக்காரர் உள்பட. பட்டியலாரும் மாப்பிள்ளையும் மட்டும் உள்ளே விசையைத் தட்டிவிட்டு, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். திரையில் நானூற்றுப் பதினேழு மெல்ல எழுந்து வந்தது.

மாதங்கள் ஏழு ஓடின. ராஜினாமா செய்தவருக்குப் புது வேலை கொடுக்கக் கூடாது என்று ஒரு விதி. பொறுப்பு தீராதவரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்று இன்னொரு விதி. இரண்டுக்கும் இடையில் மாப்பிள்ளை தினமும் ஒன்பது மணிக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்தார். அவருடைய நாற்காலியில் வேறொருவர் வந்துவிட்டதால் குடிதண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டுக் கொடுத்தார்கள். தண்ணீர் பிடிக்க வருகிறவர்கள் "இன்னுமா போகலை?" என்று கேட்பார்கள். இடையில் இன்னொரு பிரிவு உபசாரமும் நடந்தது, கூட்டத்துக்கு நாள் குறித்தவருக்கு விவரம் தெரியாது. முதல் தடவை கொடுத்த கடிகாரத்தைத் திரும்ப வாங்கிப் பீரோவில் வைத்திருந்தார்கள். அதையே மறுபடி கொடுத்து, மறுபடி வாங்கி வைத்தார்கள்.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது மாப்பிள்ளை வாயைத் திறந்தார்.

"மச்சான், ஒண்ணு கேட்கலாமா?"

"கேளுங்க மாப்ள."

"சம்பந்தியை ஒரே ஒரு நிமிஷம் நிறுத்திட்டா என்ன? நிறுத்திட்டு, மூணு இடத்துலயும் நிதானமா அழிச்சுட்டு, மறுபடி ஓட விட்டுடலாம். எழுதினது நான்தான், எனக்குத் தெரியாதா?"

பட்டியலார் கையில் எடுத்த கவளத்தைத் தட்டில் வைத்தார். "அந்த ஒரு நிமிஷம் லிஸ்ட்டும் ஃபைலும் ஒண்ணா இருக்குன்னு யாரு பொறுப்பு?"

"ஒரு நிமிஷம்தானே மச்சான்."

"மாப்ள, ஒன்பது வருஷம். ஒரு நொடி கூட ரெண்டும் வேற வேறயா இருந்தது கிடையாது. மைக்ல சொல்லியிருக்கேன்."

"ஆமா, ஊர் உலகமே அதைக் கேட்டுட்டுத் தூங்காம கிடக்கு" என்றார் மனைவி. "அண்ணா, நீங்க சாப்பிடுங்க. இவர்கிட்ட பேசறதுக்கு அந்தக் குளிர்பெட்டிகிட்ட பேசலாம். அதுவாவது நடுநடுவுல உம் கொட்டும்."

மறுநாள் மாலை தங்கையிடமிருந்து போன் வந்தது. பட்டியலார் ஹாலில் நின்று பேசினார். சோபாவில் மாப்பிள்ளை தூங்குவதுபோல் கண்ணை மூடியிருந்தார்.

"அண்ணா, இங்க கடைசியாச் சொல்லிட்டாங்க. ஒண்ணாம் தேதி காலையில வந்து சேரலைன்னா வேற ஆளைப் போட்டுக்குவாங்களாம். ஏழு மாசம் காத்திருந்ததே பெரிசுன்னு சொல்றாங்க."

"இன்னும் ஒரு வெள்ளிக்கிழமை இருக்கும்மா. இந்தத் தடவை மணி ஒண்ணு வாங்கியிருக்கேன், பள்ளிக்கூட மணி."

"மணியா?" என்றாள் தங்கை. "சரிண்ணா. ஒண்ணே ஒண்ணு சொல்லு. உன் பட்டியல்ல என் வீட்டுக்காரர் எத்தனாவது வரி?"

"அவர் எப்படிம்மா பட்டியல்ல... பட்டியல்ல வேலைங்கதான் இருக்கும். ஆளுங்க இருக்க மாட்டாங்க."

"அப்படியா? நல்லாப் பாரு" என்று சொல்லிவிட்டுத் தங்கை வைத்துவிட்டாள். கோபித்துக்கொண்டு வைத்திருந்தால் அவருக்குப் பழகியிருக்கும். சாதாரணமாக வைத்துவிட்டாள்.

அடுத்து வந்தது ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல் பட்டியலார் பேனாவோடு குளிர்பெட்டிக் கதவின் முன் நின்றார். அலமாரியை மனைவி திறந்து பிடித்துக்கொள்ள, ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தார்.

"சலவைத் தூள் ஒண்ணு."

"இருக்கு."

"சோப்பு நாலு."

"மூணு."

திருத்தினார். "மின்விளக்கு ரெண்டு."

"இருக்கு."

"மாப்பிள்ளை ஒண்ணு."

"இருக்கார், சோபாவுல" என்றார் மனைவி, தலையைத் திருப்பாமல்.

பட்டியலார் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். பதினேழாவது வரி. 'மாப்பிள்ளை – 1'. எதிரில் நான்கு ஞாயிறுகளின் சரிபார்ப்புக் குறி, நீல மையில்.

"இது யார் எழுதினது?"

"உங்க கையெழுத்துதான். போன மாசம் புதுத் தாள் ஒட்டினப்ப எழுதினீங்க. வாராவாரம் டிக் அடிச்சுட்டு வர்றீங்க. நான்தான் சோபான்னு வாய் விட்டுச் சொல்லிட்டு வர்றேன். உங்க தங்கச்சிகிட்டகூட சொன்னேன். சிரிப்பான்னு பார்த்தேன், சிரிக்கலை."

அவர் குறி போடவில்லை. அடுத்த வரிக்கும் போகவில்லை. அன்று அலமாரியில் பாதி, சரிபார்க்கப்படாமலே நின்றது. இந்த வீட்டில் அப்படி நடந்தது அதுவே முதல் முறை.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்குப் பட்டியலார் தம் மேசையில் உட்கார்ந்தார். பள்ளிக்கூட மணியை மேசைக்கு அடியில் தள்ளி வைத்தார். சம்பந்தியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தார். அதில் கடைசியாக ஒரு கட்டம் உண்டு: 'கண்டுகொள்ளாமல் விடவேண்டிய வரிகள்'. எழுதும்போதே மாப்பிள்ளை வைத்தது. ஒன்பது வருடமாக அது காலியாக இருந்தது. விருந்தாளிகள் வந்தால் பட்டியலார் அந்தக் கட்டத்தைத்தான் பெருமையாகத் திறந்து காட்டுவார், ஒன்றும் இல்லாத அலமாரியைக் காட்டுவதுபோல்.

அதில் நானூற்றுப் பதினேழு என்று எழுதினார். பட்டியலுக்குப் போய் அந்த வரியை அழித்தார். யாரும் எண்ணவில்லை. யாரும் விசில் ஊதவில்லை. அவர் காத்திருந்தார். ஒரு நொடி போயிற்று. பத்து நொடி போயிற்று. வரி எழுந்து வரவில்லை. நானூற்றுப் பதினாறுக்கு அடுத்து நானூற்றுப் பதினெட்டு. ஃபைலைத் திறந்து பார்த்தார். கீழ்மாடியில் ஒன்று, மேல்மாடியில் ஒன்று, இரண்டும் சௌக்கியமாக இருந்தன: "பூஜ்ஜியம் எண் டோக்கனைக் கூப்பிட்டால் என்ன ஆகும்? பிறகு பார்க்க." புரோகிராமர்களின் ஃபைலை அவர் தொடக்கூடாது. தொடவும் இல்லை. இரண்டு கையையும் கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு ஒரு பக்கம் அச்செடுத்துக்கொண்டு ஹெச்.ஆர். அம்மாவிடம் போனார்.

"அட, பூஜ்ஜியம்!" என்றார் அவர். "எப்ப சார் அழிச்சீங்க? விசில் சத்தமே கேட்கலையே. மூணு இடத்துலயும் போயிடுச்சா?"

"லிஸ்ட்ல இல்ல."

"லிஸ்ட்ல இல்லன்னா இல்லதான். நீங்கதானே சொல்லுவீங்க" என்று முத்திரை குத்திக் கொடுத்தார்.

மூன்றாவது பிரிவு உபசாரம் அன்று மாலை நாலு மணிக்கு நடந்தது. இரண்டு தடவை பேசிவிட்டதால் மேனேஜருக்குச் சொல்லப் புதிதாக ஒன்றும் இல்லை. "முன்பு சொன்னதே" என்றார். பீரோவிலிருந்து கடிகாரம் வந்தது. பேட்டரி தீர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பட்டியலார் பேசுவார் என்று மைக்கை நீட்டினார்கள். அவரைக் காணவில்லை.

மாப்பிள்ளை கடிகாரத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். கண்ணாடிக் கதவைத் தள்ளக் கை வைத்தார். அதற்குள் அது திறந்தது. வெளிப்பக்கம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பட்டியலார் நின்றார். பக்கத்தில் காவலாளி, பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் நின்றார்.

"மச்சான்? நீங்க ஏன் இங்க?"

"ஆறரைக்கு ட்ரெயின் மாப்ள. நிக்காம போங்க."

மாப்பிள்ளை கதவைப் பார்த்தார். மச்சானைப் பார்த்தார். ஆண்டுக் கூட்டத்தில் கேளாத காது இப்போது கேட்டிருக்க வேண்டும். கடிகாரம் கக்கத்திலிருந்து நழுவப் பார்த்தது. "மச்சான்... நானூற்றுப் பதினேழு?"

"போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணச் சொல்லுங்க அவளை" என்றார் பட்டியலார்.

மாப்பிள்ளை படியிறங்கித் தெருமுனை திரும்பும்வரை கதவு திறந்தே இருந்தது. பிறகும் அவர் கைப்பிடியை விடவில்லை. பார்சல் கொண்டுவந்தவருக்குத் திறந்தார். ஹெச்.ஆர். அம்மாவுக்குத் திறந்தார். "என்ன சார், காத்து வாங்கறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார் அவர். பல் குழுக்காரருக்குத் திறந்தார். எதையோ மறந்துவிட்டேன் என்று அவர் உள்ளே ஓடியபோது திறந்தார், எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோதும் திறந்தார். யாருக்கும் எதுவும் ஞாபகம் வரவில்லை. நாற்பது பேர் கைதட்டிய பேச்சு, நாற்பது பேருக்கும் மறந்திருந்தது.

ஆறு மணிக்குக் கட்டடத்தில் ஆள் அரவம் ஓய்ந்தது.

"அவ்வளவுதான் சார்" என்றார் காவலாளி. "எல்லாரும் போயாச்சு. கை வலிக்கும், விடுங்க."

பட்டியலார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க உள்ள போகலையே."

"நான் எதுக்கு சார் உள்ள போகணும்? என் வேலையே இங்கதானே."

"அதில்ல. எல்லாருக்கும்னு சொல்லியிருக்கேன்."

அன்று கூட்டத்தில் பட்ட கவலையெல்லாம் மறந்துபோன காவலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் நல்ல மனிதர். தொப்பியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார், ஒரு நிமிடம் அங்கே சும்மா நின்றார், பிறகு வெளியே வந்தார். இரண்டு தடவையும் பட்டியலார் கதவைத் திறந்துவிட்டார்.